விளையாட்டில் ராணிகளையும் இடைக்கால ஆட்சியையும் சேர்ப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

"அண்ணே, ராஜா செத்துட்டா கேம் ஏன் அப்படியே நிக்குது?"

எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்ட முதல் கேள்வி இது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை இரவுகளில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு வரலாற்று வியூக விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். 1400இல் தொடங்கி 1830இல் முடியும். மலாக்கா, பத்தானி, ஆச்சே, மதுரை, தஞ்சாவூர், ராமநாதபுரம், திருவிதாங்கூர் எல்லாம் உண்டு. ஒரு சுற்று என்றால் ஒரு வருடம். பகலில் ஒருவர் செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் பட்டறையில் இருக்கிறார், நான் அச்சகத்தில். ஆகவே இந்த வழிகாட்டி கணினி படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

அன்றைக்கு விளையாட்டு நின்றதற்குக் காரணம் எளிது. அரசர் இறந்தார். மகனுக்கு மூன்று வயது. வயது வந்த வாரிசைத் தேடச் சொல்லி நான் எழுதியிருந்தேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. நிரல் தேடிக்கொண்டே இருந்தது. உண்மை வரலாற்றில் அந்த இடத்தில்தான் ஒரு தாய், ஒரு பாட்டி, ஒரு தாய்மாமன், ஒரு மந்திரி எழுந்து நிற்கிறார்கள். அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கணினியை மூடி வையுங்கள்

ஒரு கட்டு வெற்று அட்டை, பென்சில், இரண்டு தாயக்கட்டை போதும். தாயக்கட்டை என்று சொன்னாலும் ஆறு பக்கம் உள்ள சாதாரண டைஸ்தான். ஒரு மனிதருக்கு ஓர் அட்டை. அதில் எழுத வேண்டியவை: பெயர், பிறந்த வருடம், அப்பா, அம்மா, பிறந்த வீடு, யாரைக் கட்டியிருக்கிறார், இப்போது எங்கே இருக்கிறார், மூன்று திறமைகள் (நிர்வாகம், பேச்சு, படை). திறமைக்கு 1 முதல் 6 வரை எண்.

'பிறந்த வீடு' என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பல விளையாட்டுகளில் ராணி என்பவர் அரசருக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு படம். 'பேச்சு +1' என்று ஒரு போனஸ் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெண் தனியாக வருவதில்லை. அண்ணன் தம்பி, சீர், மனஸ்தாபம் எல்லாம் கூடவே வரும். அரண்மனையில் அதோடு படையும் வரும்.

ஆள் வேறு, நாற்காலி வேறு

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். நாட்டுக்கான பட்டியலில் 'அரசர்' என்று ஒரு கட்டம், 'ராணி' என்று ஒரு கட்டம். ராணி என்றால் அரசரின் மனைவி. இந்த நிரல் மதுரைக்குச் சரியாக ஓடியது, தஞ்சைக்கும் ஓடியது. திருவிதாங்கூரைச் சேர்த்த அன்று உடைந்தது.

திருவிதாங்கூரில் மருமக்கள் வழி. பட்டம் சகோதரியின் மகனுக்குப் போகும். அரசரின் மனைவியை அம்மச்சி என்பார்கள், அவர் ராணி கிடையாது. ராணி என்பவர் அரச குடும்பத்தில் பிறந்த பெண்: அரசரின் சகோதரி, சகோதரியின் மகள் என்ற வழியில் வந்தவர். 1810இல் ஆட்சிக்கு வந்த கௌரி லட்சுமி பாயி அப்படிப்பட்ட ராணி. 1813இல் மகன் சுவாதித் திருநாள் பிறந்ததும், அவர் மகன் சார்பில் ஆள்பவராக மாறினார். 1815இல் அவர் இறந்தபோது அந்தப் பொறுப்பு தங்கை பார்வதி பாயியிடம் போனது. 1829 வரை அவர் ஆண்டு, பிறகு அக்காள் மகன் சுவாதித் திருநாளிடம் ஒப்படைத்தார். இதில் யாருடைய கணவரும் அரசர் இல்லை. என்னுடைய 'ராணி' கட்டத்தில் எழுத ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டு பட்டியல் வையுங்கள். ஒன்று ஆட்கள். இன்னொன்று நாற்காலிகள்: அரியணை, மூத்த ராணி, இடைக்கால ஆட்சியாளர், தளவாய் (படைத்தலைவர்), பெண்டஹாரா (மலாக்காவின் தலைமை மந்திரி). நாற்காலியில் யார் உட்காரலாம் என்ற விதி ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக இருக்கட்டும். ஒரு நாற்காலி காலியாகவும் இருக்கலாம், ஒரே ஆள் இரண்டில் உட்காரவும் செய்யலாம். விரிதாளில் செய்தாலும் சரி, கோடோ போன்ற இலவச எஞ்சினில் எழுதினாலும் சரி, இந்தப் பிரிவை முதல் நாளே செய்துவிடுங்கள். நான் எட்டு மாதம் கழித்துச் செய்தேன். மூன்று சனிக்கிழமை போனது.

கல்யாணம்

ஒரு அரசருக்குப் பல மனைவியர் இருக்க இடம் கொடுங்கள். வரிசை எண்ணும் கொடுங்கள். பட்டத்து ராணி ஒருவர், வாரிசின் தாய் வேறொருவர் என்பது நம் கதைகளில் சர்வசாதாரணம்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரு வீட்டுக்கும் நடுவில் ஒரு 'உறவு' எண் போடுகிறோம், 3இல் தொடங்கும். அந்தப் பெண் உயிரோடு இருக்கும்வரை குறையாது. இறந்துவிட்டால் வருடத்துக்கு 1 குறையும். பிள்ளை இருந்தால் 1இல் நின்றுவிடும். பேரப்பிள்ளை இருக்கும் வீட்டோடு உறவு முழுதாக அறுவதில்லையே.

விவாகரத்தையும் சேர்க்கச் சொல்லி ஒரு தங்கை பிடிவாதம் பிடித்தார். தேவையா என்று யோசித்தேன். அவர் மலாக்காக் கதையை எடுத்து வைத்தார். சுல்தான் முசாபர் ஷா தம் மனைவி துன் குடுவை மணவிலக்கு செய்து, பெண்டஹாரா பதவியில் இருந்த துன் அலிக்குக் கட்டிவைத்தார். துன் அலி பதவியை விட்டு இறங்கினார். துன் குடுவின் சகோதரர் துன் பேராக் பெண்டஹாரா ஆனார். ஒரு மணவிலக்கில் ஒரு மந்திரிசபை மாறியது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டார்களா என்பது தனிக் கதை. அதனால் விவாகரத்து எங்கள் விளையாட்டில் ஒரு பேரம்: உறவு எண் 2 குறையும், பதிலுக்கு ஒரு நாற்காலியைக் காலி செய்யச் சொல்லலாம்.

குழந்தை

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். 16 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஒவ்வொரு மனைவிக்கும் வருடத்துக்கு ஒரு டைஸ். 6 விழுந்தால் பிள்ளை. பிறந்த முதல் மூன்று வருடமும் ஒரு டைஸ். 1 விழுந்தால் அந்த அட்டையைத் திருப்பி வைத்துவிடுங்கள். இந்த எண்களுக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் இல்லை. ஆட்டம் சுவையாக ஓட நாங்களாக வைத்தவை.

சாவு நடக்கும் வருடம்

எல்லாத் தவறும் இந்த ஒரு சுற்றில்தான் பிறக்கும். ஒரு சுற்றுக்குள் எது முதலில், எது அடுத்து என்று தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். எங்கள் வரிசை: பிறப்பு, சாவு, கருவில் வாரிசு சோதனை, பட்டம், இடைக்கால ஆட்சி, கல்யாணம், போர்.

நடுவில் இருக்கும் 'கருவில் வாரிசு' எப்படி வந்தது என்று சொல்கிறேன். மதுரையில் 1689இல் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் பெரியம்மையில் இறந்தார். மனைவி முத்தம்மாள் அப்போது கர்ப்பிணி. ஆண் குழந்தை பிறந்த பின் அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குழந்தைதான் விஜயரங்க சொக்கநாதர். கைக்குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டு, பாட்டி ராணி மங்கம்மாள் ஆண்டார்.

எங்கள் நிரலில் இதை ஓட்டினோம். அரசர் இறந்ததும் மகன் இருக்கிறானா என்று பார்த்தது. இல்லை. யாரோ தூரத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பட்டம் கட்டிவிட்டது. அடுத்த சுற்றில் குழந்தை பிறந்தது, அதற்கு ஒரு நாற்காலியும் இல்லை. மங்கம்மாள் என்ற அட்டை கடைசிவரை அந்தப்புரத்திலேயே கிடந்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் பேர்பெற்ற பாட்டியை ஒரு வரி நிரல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இப்போது விதி இது: அரசர் இறந்து, மகன் இல்லாமல், மனைவி யாராவது கர்ப்பமாக இருந்தால், அரியணை ஒரு சுற்று காலியாக நிற்கும். அந்த ஒரு சுற்றுக்கு இடைக்கால ஆட்சியாளர் மட்டும். காத்திருக்கப் பிடிக்காத உறவினர்கள் அந்தச் சுற்றிலேயே கலகம் செய்ய முயலலாம். இதைச் சேர்த்த பிறகு ஆட்டத்திலேயே பரபரப்பான வருடம் அதுவாகிவிட்டது.

பட்டம் ஏற்கும் வயதை நிரலுக்குள் ஒரே எண்ணாகப் பூட்டிவிடாதீர்கள். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 விளையாட்டில் எல்லா நாட்டுக்கும் 15 வயது. அந்த விளையாட்டில் ராணிகளே 2016இல் வந்த ஒரு கூடுதல் தொகுப்பில்தான் சேர்ந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கே இது பிறகு தோன்றிய யோசனை என்றால் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. பிரான்ஸில் அரசருக்கு 13 வயது ஆனால் போதும். நாலு வயதில், 1643இல், பட்டத்துக்கு வந்த 14ஆம் லூயிக்காகத் தாய் ஆன் ஆண்டார். சுவாதித் திருநாள் பொறுப்பேற்றது 16 வயதில். ஆக, வயது நாட்டுக்கு நாடு மாறும் ஒரு கட்டம்.

முத்திரை யார் கையில்

இடைக்கால ஆட்சி என்றாலே குழந்தை அரசர் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வரக்கூடாது. பக்கத்தில் கோலகங்சார் இருக்கிறது, பேராக் சுல்தானின் அரச நகரம். சுல்தான் அஸ்லான் ஷா 1989இல் மலேசிய மாமன்னர் ஆனபோது, 1994 வரை அந்த ஐந்து வருடமும் பேராக்கைக் கவனித்தவர் அவர் மகன், அப்போதைய ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) நஸ்ரின் ஷா. நாட்டின் அரசியலமைப்பே அப்படி: மாமன்னராக இருக்கும் காலத்தில் தம் மாநில ஆட்சியை இன்னொருவரிடம் விட வேண்டும். 2024இல் ஜொகூர் சுல்தான் மாமன்னர் ஆனதும் அவர் மகன் துங்கு இஸ்மாயில் இடைக்கால சுல்தான் ஆனார் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஆக, இடைக்கால ஆட்சி தொடங்க எங்கள் விளையாட்டில் நாலு காரணம்: அரசர் சிறுவர், அரசர் வெளியூரில், அரசர் நோயாளி, அரியணை காலி.

பொறுப்பில் இருப்பவர் என்னென்ன செய்யலாம்? இங்கே எனக்குக் கைகொடுத்தது என் தாத்தா சொன்ன ரப்பர் தோட்டத்துக் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய துரை (தோட்ட நிர்வாகி) ஊருக்கு லீவில் கப்பலேறினால் மாதக்கணக்கில் வரமாட்டார். சின்ன துரை 'ஆக்டிங்' பார்ப்பார். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) சத்தம் போடுவார், பேர் போடாமல் (அன்றைய வேலை கொடுக்காமல்) விரட்டுவார், எல்லாம் செய்வார். ஆனால் பழைய பால்மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடச் சொல்ல மாட்டார். கன்று பால் கொடுக்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அவர் அந்த நாற்காலியில் இருக்கப் போவதில்லை. இருக்கிற மரத்தைச் சீவிவிட்டுப் போவார்.

முதலில் அப்படியே விதி எழுதினேன்: இடைக்கால ஆட்சியில் போர் கூடாது, கட்டடம் கூடாது. பார்த்தால் மங்கம்மாள் மறுபடியும் இடித்தார். அவர் சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் அதே பெயரில் நிற்கிறது. மொகலாயருக்குக் கப்பம் கட்டிக்கொண்டே தஞ்சாவூர்மீதும் திருவிதாங்கூர்மீதும் படை அனுப்பினார். ஆக்டிங் துரையின் மனநிலை அவரிடம் இல்லை, ஏனென்றால் அவருக்குப் போகும் தேதி பதினைந்து வருடம் தள்ளி இருந்தது.

அதனால் தடையை எடுத்துவிட்டு விலை வைத்தேன். வருடத்துக்குச் சில 'முத்திரை'. குழந்தையின் தாயோ பாட்டியோ ஆண்டால் 3, மாமனோ சித்தப்பாவோ என்றால் 2, மந்திரிகள் சேர்ந்த குழு என்றால் 1. செலவு: சாலை அல்லது சத்திரம் 1, வரி மாற்றம் 1, தளவாய் நியமனம் 2, போர் 3. மிச்சம் வைத்து அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் 5க்கு மேல் சேராது. ஒரு குழு போருக்குப் போக மூன்று வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பாட்டி நினைத்தால் இந்த வருடமே போகலாம், ஆனால் சாலை போட முடியாது. வயது வந்த அரசருக்கு இந்தக் கணக்கே கிடையாது.

யார் உட்காருவது: மலாக்காவை வைத்து ஒரு கணக்கு

பொறுப்புக்கு ஆசைப்படுபவர்கள் பட்டியல் எடுங்கள். தாய் 3, பாட்டி 3, தந்தைவழி ஆண் உறவு 2, மந்திரி 2, தாய்வழி ஆண் உறவு 1. தலைநகரில் ஆட்படை வைத்திருந்தால் 2 கூட்டு. வெளிநாட்டவர் என்றால் 1 கழிவு. அதிக எண் எடுப்பவர் உட்காருவார். சமம் என்றால் டைஸ். அத்தோடு நின்றால் அது வெறும் கூட்டல் கணக்கு. தோற்றவர்களை என்ன செய்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

மலாக்காவில் 1444இல் சுல்தான் முகமது ஷா மறைந்தபோது இரண்டு மகன்கள். மூத்தவர் ராஜா காசிம். தாய் தமிழ் முஸ்லிம் வழி வந்தவர், தாய்மாமன் துன் அலி அரசவையில் பெரிய ஆள். இளையவர் ராஜா இப்ராகிம்; தாய் சுமத்ராவில் உள்ள ரொக்கான் அரச குடும்பம். பட்டம் இளையவருக்குக் கட்டப்பட்டது. சிறுவர் பெயரில் அதிகாரம் செய்தவர் ரொக்கான் ராஜா. ஒன்றிரண்டு வருடம்தான். துன் அலியின் தலைமையில் கலகம். ரொக்கான் ராஜாவும் செத்தார், சிறுவரும் செத்தார். காசிம், முசாபர் ஷா என்ற பெயரில் சுல்தான் ஆனார். மேலே மணவிலக்குப் பேரம் செய்தாரே, அவரேதான். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 தொடங்கும் நாள் 1444 நவம்பர் 11. உலக வரைபடத்தில் மலாக்காவைத் தொட்டு ஆட்டத்தைத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்தச் சமயத்தில் அங்கே ஒரு தாய்மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்பது தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இதை அட்டையில் வைத்தோம். கலக எண் இப்படி: பட்டத்தில் இருக்கும் சிறுவரைவிட மூத்த சகோதரர் உயிரோடு இருந்தால் 1. அவருடைய தாய்வீட்டு ஆள் ஒருவர் அரசவை நாற்காலியில் இருந்தால் 1. ஆள்பவர் வெளிநாட்டவர் என்றால் 1. மலாக்காவுக்கு மூன்றும் பொருந்தியது, ஆக 3. வருடத்துக்கு ஒரு டைஸ். கலக எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் கலகம். அதாவது ஒவ்வொரு வருடமும் பாதிக்குப் பாதி. இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க நாலில் ஒரு வாய்ப்பு. ரொக்கான் ராஜாவின் காலமும் அந்த அளவுதான் இருந்தது. நாங்கள் கைதட்டினோம். அப்புறம் பட்டறை அண்ணன், "கதை தெரிஞ்சு எண் போட்டா கதைதான் வரும்" என்றார். உண்மைதான். அதனால் ஒரு விதியை ஒரு நாட்டில் பழக்கினால், வேறு நாட்டில் சோதியுங்கள். இதே எண்ணை மதுரையில் வைத்தபோது மங்கம்மாளுக்குக் கலக எண் 0 வந்தது: மூத்த சகோதரர் யாரும் இல்லை, ஆள்பவர் சொந்தப் பாட்டி. ஒத்துப்போனது.

திருப்பிக் கொடுக்கும் நாள்

பிள்ளைக்கு வயது வந்துவிட்டது. முத்திரையைக் கொடுப்பாரா?

இதற்கு 'பிடி' என்று ஓர் எண். ஆரம்பத்தில் 0. முதலில் வருடத்துக்கு 1 ஏறும் என்று வைத்தோம். கைமாறும் நாளில் இரண்டு டைஸ் உருட்டி, கூட்டுத்தொகை பிடியைவிட அதிகமாக இருந்தால் சுமுகமாகக் கைமாறும். மங்கம்மாளை ஓட்டினோம். 1689இலிருந்து 1704 வரை 15 வருடம், பிடி 15. இரண்டு டைஸில் அதிகபட்சம் 12. எந்தப் பேரனும் எந்தக் காலத்திலும் முத்திரையை வாங்க முடியாது! விதி எழுதியவன் டைஸை எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு 1 என்று மாற்றினோம். 15 வருடத்துக்குப் பிடி 7. இரண்டு டைஸ் 8 அல்லது மேலே விழ 36இல் 15 வாய்ப்பு. கொஞ்சம் கடினம், ஆனால் நடக்கக்கூடியது. தளவாய் இளம் அரசர் பக்கம் சாய்ந்தால் பிடியில் 2 குறையும். அப்போது 36இல் 26. ஆகவே இளவரசராக ஆடுபவருக்கு ஒரு வேலை கிடைத்தது: வயது வரும்வரை சும்மா இல்லாமல் தளவாயைக் கைக்குள் போட வேண்டும்.

கொடுக்க மறுத்தால் இரண்டு பாதை. ஒன்று, உள்ளுக்குள் கலகம். மங்கம்மாளின் கடைசி நாட்களைப் பற்றி, பேரன் பக்கத்தார் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டார்கள் என்று மதுரைப் பக்கம் சொல்வார்கள். அந்தக் கதை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நாங்கள் 'காவலில்' என்ற நிலையை மட்டும் வைத்தோம், மீதியை ஆடுபவர் கற்பனைக்கு விட்டுவிட்டோம். இன்னொன்று, ஆள்பவரே முழு அரசர் ஆகிவிடுவது. ஆச்சேயில் 1641இல் சுல்தான் இஸ்கந்தர் தானி இறந்ததும் அவருடைய மனைவி தாஜுல் ஆலம் சஃபியத்துடின் யார் பெயரிலும் ஆளவில்லை. தம் பெயரிலேயே ஆண்டார், 1675 வரை. அவர் முந்தைய சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் மகள் என்பதை மறக்க வேண்டாம். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே அரியணை. ஆகவே நிபந்தனை: ஆள்பவரின் தந்தை அதே அரியணையில் இருந்திருந்து, வயதுவந்த ஆண் வாரிசு இல்லாவிட்டால், நாற்காலி மாறலாம்.

ஓட்டிப் பார்ப்பது

அட்டையில் ஐம்பது வருடம் ஆடி முடித்த பிறகே கணினிக்குப் போங்கள். கணினியில் யாரும் ஆடாமல் நானூறு வருடத்தைத் தானாக ஓடவிட்டு, மூன்றை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை வருடம் இடைக்கால ஆட்சி, எத்தனை முறை கலகம், எத்தனை முறை அரியணைக்கு ஆளே இல்லாமல் போனது. மூன்றாவது எண் 0 இல்லாவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம், அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். செத்த அரசருக்கு ஐந்து வருடம் கழித்தும் பிள்ளை பிறக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்குப் பிறந்தது.

செய்தி எழுதும்போது

இது தமிழில் செய்பவர்களுக்கு வரும் தொல்லை. ஆங்கில விளையாட்டில் பெயரை அப்படியே வாக்கியத்தில் செருகிவிடலாம். தமிழில் உருபு ஒட்டும்போது பெயரே மாறும். 'மங்கம்மாள்' மங்கம்மாளை ஆகும், 'துன் அலி' துன் அலியை ஆகும், 'மலாக்கா' மலாக்காவை ஆகும். நிரலுக்கு இது தெரியாது. 'துன் அலிஐ' என்று திரையில் காட்டி மானத்தை வாங்கும். அழகான இலக்கணம் எழுதும் நிரலை உண்டாக்குவதற்குள் தலை நரைத்துவிடும். எளிய வழி, பெயர் எப்போதும் எழுவாயாக நிற்கும்படி வாக்கியத்தை வைப்பது. "புதிய ஆட்சியாளர்: மங்கம்மாள்." "துன் அலி பதவி விலகினார்." போதும்.

இன்னொரு வசதி நம் மொழியிலேயே இருக்கிறது. 'ஆண்டார், இறந்தார், மறுத்தார்' என்றால் ஆண் பெண் இருவருக்கும் ஒரே வாக்கியம். 'ஆண்டான், ஆண்டாள்' என்று பிரித்து எழுத ஆரம்பித்தால் செய்திகள் இரட்டிப்பாகும். கைக்குழந்தைக்கு மட்டும் 'பிறந்தார்' கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். அங்கே 'குழந்தை பிறந்தது' என்று விட்டுவிடுங்கள்.

பெயருக்கான இடத்தையும் தாராளமாக வையுங்கள். பத்து எழுத்து என்று கட்டம் போட்டால், கணினி 'நா' என்பதில் துணைக்காலைத் தனி எழுத்தாக எண்ணும். ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பாதியில் வெட்டுப்பட்டு வருவார்.

உங்கள் முதல் வேலை

சனிக்கிழமை வரும்போது மதுரை அட்டைகளை எடுத்து 1689இலிருந்து 1736 வரை ஆடுங்கள். மங்கம்மாள் காலம் மேலே சொன்ன விதிகளில் ஓடிவிடும். 1732இல் மாட்டிக்கொள்வீர்கள். விஜயரங்க சொக்கநாதர் பிள்ளை இல்லாமல் இறக்கிறார். மனைவி மீனாட்சி ஒரு சிறுவனைத் தத்தெடுத்து அவன் பெயரில் ஆள்கிறார். ஆனால் அந்தச் சிறுவனைப் பெற்ற தந்தை பங்காரு திருமலை உயிரோடு, பக்கத்திலேயே இருக்கிறார். அரியணையும் தனக்கே என்கிறார். இருவருக்கும் நடுவில் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் நுழைகிறார், 1736இல் நாயக்கர் ஆட்சியே முடிகிறது.

எங்கள் விதிப்படி தாய்க்கு 3, தந்தைவழி ஆண் உறவுக்கு 2. தத்தெடுத்தவர் தாய் ஆவாரா? பெற்றவர் 'தந்தைவழி உறவு' ஆவாரா, அல்லது தத்துக் கொடுத்ததோடு அவர் கணக்கு முடிந்ததா? அந்தச் சிறுவனின் அட்டையில் 'அப்பா' என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று எங்களுக்குள் மூன்று வாரமாகத் தகராறு. ஆலைக் கணக்கர் ஒன்று சொல்கிறார், பட்டறை அண்ணன் ஒன்று சொல்கிறார். இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அழிப்பான் மேசை டிராயரில் இருக்கிறது.